ஆளுக்கொரு கஷாயம்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாலைக் கூட்டம் முடிந்து, தேநீரும் தீர்ந்து, எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு சச்சரவு மூண்டது. நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். தொடக்கம் மிக அற்பமானது. ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவர் தம் பையிலிருந்து சீனத் தைலம் ஒன்றை எடுத்து நீட்டினார், மூன்றாமவர், "சீன வைத்தியமெல்லாம் ஏமாற்று" என்றார். அவ்வளவுதான். காவலர் வந்து விளக்கை அணைக்கும்வரை வாதம் ஓயவில்லை.

வாதிட்டவர் இருவர். ஒருவர் புள்ளியியல் பயில்பவர். அவர் கூற்று இது: "ஒரே நோய் கொண்ட பத்துப் பேருக்குப் பத்து விதமான கஷாயம் கொடுக்கிறார்கள். அதே ஆளுக்கு அடுத்த வாரம் வேறு கஷாயம். இப்படி நிலையில்லாத ஒன்றை மருந்து என்று எப்படிச் சொல்வது? குறி சொல்பவனும் ஆளைப் பார்த்துத்தான் சொல்கிறான்." மற்றவர் தத்துவ மாணவர், நம் சங்கத்தின் நல்ல பேச்சாளர். "ஆளுக்கு ஆள் வேறுபடும் மருந்தை உங்கள் சோதனைச்சாலை எப்படி அளக்கும்? மனிதனை எண்ணாக மாற்றிப் பார்க்கும் விஞ்ஞானத்திற்கு அது எட்டாது. எட்டாததைப் பொய் என்பது பேதைமை" என்றார். கைதட்டல் இவருக்கே மிகுதி.

அன்று நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அக்கூட்டத்தில் சீனமொழி பயில்பவன் நான் ஒருவனே. மொழிப் பயிற்சிக்காகப் பெய்ஜிங்கில் ஓராண்டு தங்கி, அந்தக் கஷாயத்தை மூன்று வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவனும் நான் ஒருவனே. கேட்ட கேள்விக்கு மறுநாள் காலையில் விடை தோன்றுவது என் பிறவிக் குறை.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் படியிறங்கும்போது முதலாண்டு மாணவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. ஊருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் நாடி பார்த்து ஆளுக்கேற்ற மூலிகை கூட்டிக் கொடுக்கிறாராம். "அண்ணா, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா? அவர் சொன்னது சரிதானே, எல்லோருக்கும் ஒரே மாத்திரை எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டார். நிறுத்த வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் தேவைப்படுகிறது. (அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.)

வாதிட்ட இருவருமே தவறு என்பது என் கருத்து. இரண்டாமவர் தவறு கூடுதல் ஆபத்தானது என்பதும் என் கருத்து. கைதட்டியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கஷாயத்தை ஆளுக்கேற்ப மாற்றுவது என்றால் சீனத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். இதை இருவரும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தில், ஜாங் ஜோங்ஜிங் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். இருநூறுக்கு மேற்பட்ட தம் சுற்றத்தாரில் மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுகள் முடிவதற்குள் மாண்டனர் என்றும், அவர்களுள் பத்துக்கு எழுவர் குளிர்க் காய்ச்சலுக்கு இரையானவர்கள் என்றும் தம் முன்னுரையில் எழுதுகிறார். அந்தத் துயரத்தில் பிறந்த அவருடைய எழுத்து, பிற்காலத்தில் பிரிந்தும் திருத்தப்பட்டும் 'ஷாங்ஹான் லுன்' என்ற பெயரில் நமக்குக் கிடைக்கிறது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கஷாயங்கள் உண்டு. இன்றும் சீனத்து மருத்துவக் கல்லூரிகளில் அதைப் பாடம் கேட்கிறார்கள்.

அவற்றுள் தலையாயது 'குய்ஜீ' கஷாயம். சரக்குகள் ஐந்து: இலவங்கப்பட்டை மரத்தின் இளங்கிளை 3 லியாங், வெண்பியோனி என்னும் பூச்செடியின் வேர் 3 லியாங், பச்சை இஞ்சி 3 லியாங், பக்குவம் செய்த அதிமதுரம் 2 லியாங், சீன இலந்தைப் பழம் 12. லியாங் என்பது அவர்கள் நிறுத்தல் அளவு. பியோனி ஒன்றைத் தவிர மற்றவை நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டிக்கு அந்நியமானவை அல்ல. காய்ச்சலும் தலைவலியும் இருந்து, காற்றுப் பட்டால் கூசி, தானாகவே வியர்க்கும் நோயாளிக்கு இது. வியர்வை இல்லாமல் உடல் வலித்துக் காய்ந்தால் இதைக் கொடுக்கக் கூடாது. அதற்கு 'மாஹுவாங்' என்னும் வேறு கஷாயம். ஆக, வியர்க்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியில் பாதை பிரிந்துவிடுகிறது.

கஷாயத்தைக் காய்ச்சும் முறை, குடிக்கும் முறை எல்லாம் நூலிலே உண்டு. ஏழு படி தண்ணீரை மெல்லிய தீயில் மூன்று படியாகச் சுருக்க வேண்டும். ஒரு படி குடித்துச் சற்று நேரம் கழித்துச் சூடான நீர்த்த அரிசிக் கஞ்சியை ஒரு படிக்கு மேல் குடிக்க வேண்டும். மருந்துக்கு அந்தக் கஞ்சி துணை. போர்த்திப் படுத்தால் உடல் முழுதும் இலேசாக வியர்க்கும். ஆறாக ஓட விடக்கூடாது. ஒரு முறை குடித்ததிலே குணம் தெரிந்தால் மீதியைக் குடிக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசிக் கட்டளை எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டில் முழுவதையும் தீர்த்தே ஆகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இனி மாற்றங்களைப் பாருங்கள். அதே நோயாளிக்குக் கழுத்தும் முதுகும் விறைத்திருந்தால், இதனோடு 'கேகென்' என்னும் கொடிக்கிழங்கைச் சேர்க்கிறார். மூச்சிரைப்பு உள்ளவராக இருந்தால் மக்னோலியா மரப்பட்டையும் வாதுமையினத்துக் கொட்டை ஒன்றும். வியர்வை நிற்காமல் கசிந்து, கைகால் இழுத்துப் பிடித்தால், சுட்டெடுத்த நாபிக் கிழங்கு ஒன்று. நாபி கொடிய நஞ்சு. சூட்டிலும் நெடுநேரக் கொதியிலும்தான் அதன் கடுமை தணியும். ஆகையால் அதன் பக்குவத்தைக் குறிக்க நூல் தவறுவதில்லை.

இவையெல்லாம் சேர்ப்பது. சேர்க்காமலும் மாற்றலாம். பேதி மருந்தைத் தவறாகக் கொடுத்ததனால் வயிறு உப்பி அவ்வப்போது வலிக்கிறது என்றால், பியோனி வேரை 3 லியாங்கிலிருந்து 6 லியாங்காக உயர்த்துகிறார். வேறொன்றும் செய்யவில்லை. காய்ச்சலுக்கு வியர்வை வரவழைத்த கஷாயம் வயிற்று வலிக்கான கஷாயமாகிவிட்டது. அதனோடு தானியத்தை முளைகட்டிக் காய்ச்சிய பாகு ஒரு படி சேர்த்தால் பெயரே மாறி, மெலிந்த உடம்பில் வரும் வயிற்றுப் பிடிப்புக்கு உரியதாகிறது.

தமிழ் மாணவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வா என்னும் பகுதி ஒன்றே. வந்தான், வருவாள், வாராது என்று இடைநிலையும் விகுதியும் மாற, காலமும் பாலும் மாறுகின்றன, உடன்பாடு எதிர்மறையாகிறது. மாற்றுபவன் தன் மனம்போல் மாற்றினால் அது மொழியாகாது. சீன மருத்துவரும் அவ்வாறே ஒரு பகுதியை எடுத்து விகுதி சேர்க்கிறார். 'சிறு சாய்ஹூ' கஷாயம் என்று ஏழு சரக்குக் கொண்ட ஒன்று உண்டு. அதைச் சொன்ன கையோடு நூலே மாற்றங்களையும் சொல்லிவிடுகிறது: வயிறு வலித்தால் ஹுவாங்சின் வேரை எடுத்துவிட்டுப் பியோனியைப் போடு, இருமினால் ஜின்செங்கையும் இலந்தையையும் பச்சை இஞ்சியையும் எடுத்துவிட்டு, ஐஞ்சுவைக் கனியும் சுக்கும் போடு. பச்சை இஞ்சிக்கும் சுக்குக்கும் வேற்றுமை நமக்குத் தெரியாததா! பிற்கால உரையாசிரியர்கள் இதற்கு ஓர் அரசியலும் வகுத்தார்கள். ஒரு கஷாயத்தில் அரசன், அமைச்சன், துணைவன், தூதன் என்று சரக்குகளுக்கு நிலை உண்டு. மாஹுவாங் கஷாயத்தில் மாஹுவாங் அரசன். எல்லோரையும் இணக்கி வைக்கும் தூதுவேலை அதிமதுரத்துக்கு.

எனவே புள்ளியியல் நண்பர் குறி சொல்பவனை உவமை காட்டியது பொருந்தாது. குறி சொல்பவனுக்கு எழுதிவைத்த விதியில்லை. அவன் தவறினானா என்று இன்னொரு குறிகாரன் சரிபார்க்க வழியில்லை. இங்கே விதி இருக்கிறது. விதி சரியா என்பது வேறு கேள்வி. அதற்கு வருகிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெய்ஜிங்கில் விடுதிச் சாப்பாடு எனக்கு ஒவ்வவில்லை. பொருமல், பசியின்மை, நாளுக்கு மூன்று தடவை ஓட்டம். தோழர்கள் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர். நாக்கை நீட்டச் சொன்னார், இரு கையிலும் நாடி பிடித்தார், கேள்விகளைத் தொடங்கினார். குளிரா, வெப்பமா? வியர்வை உண்டா? தாகம் எப்படி? சூடாகக் குடிக்கப் பிடிக்குமா, தண்ணென்று குடிக்கவா? மிங் காலத்து மருத்துவர் ஜாங் ஜிங்யுவே பத்து வினாக்களைச் செய்யுளாகக் கட்டிவைத்திருக்கிறார். மாணவர்கள் அதை மனனம் செய்கிறார்கள். அம்மையார் அந்த வரிசையைப் பிறழாமல் கேட்டார் என்பது எனக்குப் பிறகு அதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

எழுதிக் கொடுத்த மருந்துக்கு அடிப்படை 'நான்கு சான்றோர்' என்னும் கஷாயம். ஜின்செங், பாய்ஜூ கிழங்கு, ஃபூலிங் என்னும் காளான், அதிமதுரம் ஆகிய நான்கும் கடுமையற்றவை, ஆதலால் சான்றோர். (ஜின்செங் விலை மிக்கதென்று அதன் ஏழை உறவினன் ஒன்றை எனக்குப் போட்டார்கள்.) ஆரஞ்சுத் தோலும் பான்சியா கிழங்கும் சேர்ந்தால் ஆறு சான்றோர். என் பொருமலுக்காக மேலும் இரண்டு: ஏலக்காயின் உறவான ஒரு விதையும், கோஷ்டமும். இந்தக் கோஷ்டம் நம் இமயத்துச் சரக்கு. பழங்காலத்தில் நம் நாட்டிலிருந்து சீனத்துக்குப் போனது. அயல்நாட்டில் ஊர்க்காரனைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன். கஷாயம் வாய்க்குள் போனதும் மகிழ்ச்சி போய்விட்டது.

ஏழு நாளில் பொருமல் அடங்கியது. இரண்டாம் முறை சென்றபோது, உறக்கம் வரவில்லை என்றேன். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, உறங்காததற்குச் சான்றோர் பொறுப்பல்ல. அம்மையார் ஏல விதையை அடித்துவிட்டுக் காட்டிலந்தைக் கொட்டையைச் சேர்த்தார். மூன்றாம் வாரம் நலமானேன். கஷாயத்தாலா, வெளியே தயிர் வாங்கிச் சாப்பிடத் தொடங்கியதாலா, தேர்வு முடிந்ததாலா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. இதைச் சான்றாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அம்மையாரிடம் நான் கண்டது வேறு. இருபது நிமிடம் என்னை ஒரு மனிதனாகக் கருதிக் கேள்வி கேட்டார். நம் ஊர் மருத்துவமனைகளில் நெடுநேரம் வரிசையில் நின்று அரை நிமிடத்தில் சீட்டு வாங்கி வெளியே வருகிறோம். மக்கள் நாடி பார்ப்பவரிடம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை டாக்டர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனித் தத்துவ நண்பருக்கு.

சீனத்தார் எல்லோரும் எக்காலத்தும் ஆளுக்கேற்பவே மருந்து கொடுத்தார்கள் என்பதே முதலில் தவறு. சுங் பேரரசு 1076-ஆம் ஆண்டில் தலைநகரில் அரசு மருந்துக்கடை திறந்தது. செய்துவைத்த உருண்டைகளும் பொடிகளும் அங்கே விற்றன. எந்த அறிகுறிக்கு எது என்பது நூலாகவும் வெளியாயிற்று. நான் குடித்த நான்கு சான்றோர் அந்த நூலில் உள்ளதுதான். பதினான்காம் நூற்றாண்டில் ஜூ ஜென்ஹெங் என்னும் மருத்துவர் அந்த நூலைக் கண்டித்துத் தனிநூலே எழுதினார். முன்னே சிலருக்குப் பலித்ததை எடுத்து இன்றுள்ளவர்களின் எண்ணிறந்த நோய்களுக்கெல்லாம் நீட்டுவது எப்படித் தகும் என்பது அவர் வழக்கு. நல்ல வழக்கு. ஆனால் எதிர்த்தரப்பையும் கேளுங்கள். நல்ல மருத்துவர் கிடைக்காத ஊரில் இருக்கும் ஏழைக்கு, கடையில் விற்கும் உருண்டையாவது கிடைத்ததே! அளவெடுத்துத் தைத்த சட்டை அழகுதான். தையற்காரர் இல்லாத ஊரில் ஆயத்தச் சட்டைதான் மானம் காக்கும். ஆளுக்கேற்ற மருந்தா, எல்லோர்க்கும் ஒன்றா என்ற கேள்வி மேல்நாட்டு விஞ்ஞானம் வந்து கிளப்பியது என்று நம் நண்பர் கருதுகிறார். சீனத்தில் அது எழுநூறு ஆண்டுப் பழைய சண்டை.

அடுத்து, அளக்க முடியாது என்ற கூற்று. அளந்திருக்கிறார்கள் ஐயா!

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் நடந்த சோதனை ஒன்று 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. குடல் எரிச்சல் நோய், அதாவது ஏறத்தாழ என் நோய், உள்ளவர்கள் 116 பேர். சீன மருத்துவர்கள் நோயாளரைப் பார்த்தார்கள். வழக்கம்போல் ஆளுக்கேற்ப எழுதினார்கள். ஆனால் எழுதியது எல்லோருக்கும் போகவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அவரவர்க்கு எழுதிய மருந்து, ஒரு பிரிவுக்கு 20 சரக்குக் கொண்ட பொதுமருந்து, ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்றுக் குளிகை கொடுத்தார்கள். எல்லாம் குளிகைக்குள் இருந்ததால் யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 16 வாரம். வெற்றுக் குளிகையைவிட இரண்டு மருந்துமே மேல் என்று தெரிந்தது. ஆளுக்கேற்ற மருந்து பொதுமருந்தைவிட மேலா? இல்லை, இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மருந்தை நிறுத்தி 14 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஆளுக்கேற்பக் கொடுக்கப்பட்டவர்களிடம் மட்டுமே குணம் நிலைத்திருந்தது.

இம்முடிவை இரு நண்பர்களும் தத்தமக்குச் சாதகமாக வாசிக்கலாம். நான் சுட்டுவது ஒன்றே: இப்படிச் சோதிக்க முடியும். சோதித்தபோது வைத்தியரின் கை கட்டப்படவில்லை. அவர் தம் நூல்வழியே எழுதினார். மனிதனை எண்ணாக்கினார்கள் என்று எவரும் புலம்பவில்லை.

முடியும் என்பது தெரிந்த பிறகும் எத்தனை பேர் செய்தார்கள்? ஆளுக்கேற்பக் கூட்டிக் கொடுக்கும் மூலிகை மருந்துகளைப் பற்றி அதுவரை வந்த தக்க சோதனைகளையெல்லாம் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் தேடித் தொகுத்தார்கள். எந்த நாடு, எந்த நோய் என்ற வரையறை இல்லை. கிடைத்தவை மூன்று. சிட்னிச் சோதனை அவற்றுள் ஒன்று. நம்பத்தக்க சான்று இல்லை என்றே அவர்கள் முடித்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, இலக்கணம் என்று நானே புகழ்ந்ததால் நானே சொல்லவேண்டும். இலக்கணம் அறிந்த மூவரிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் மூவரும் ஒரே பகுதியைக் காட்ட வேண்டுமன்றோ? அமெரிக்காவில் மூட்டுவாத நோயாளர் 40 பேரை மூன்று சீன மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தார்கள். 2005-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், நோயின் வகையைக் குறிப்பதில் அவர்கள் ஒத்துப்போனது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரமே. தைக்கும் கலை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், மூவரின் அளவுநாடா மூன்று விதமாகக் காட்டினால் சட்டை யாருக்குப் பொருந்தும்? முதலில் திருத்த வேண்டியது இந்த நாடாவை. இதைச் சீன மருத்துவர்களே செய்யவேண்டும். வெளியே இருப்பவர்கள் செய்ய இயலாது.

ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே இந்தக் கஷாயங்களுக்குக் காம்போ என்று பெயர். தொழிற்சாலையில் வடித்து உலர்த்திப் பொட்டலத்தில் அடைத்து விற்கிறார்கள். அரசின் மருத்துவக் காப்பீட்டிலும் அவற்றுக்கு இடமுண்டு. நான் முன்னே சொன்ன சிறு சாய்ஹூ கஷாயம் அங்கே ஷோசைக்கோதோ எனப்படுகிறது. நாள்பட்ட ஈரல் அழற்சி உள்ளவர்களுக்கு அதை ஏராளமாக எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்கு நுரையீரல் அழன்று மூச்சு முட்டியது. இன்டர்ஃபெரான் ஊசியோடு சேர்த்துக் கொடுக்கலாகாது என்று 1994-இல் தடை வந்தது. பத்துப் பேர் இறந்த செய்தி 1996-இல் வெளியாயிற்று.

அப்போது கூறப்பட்ட சமாதானம் ஒன்று உண்டு. ஆளைப் பார்க்காமல் நோயின் பெயரைப் பார்த்துக் கொடுத்தார்கள். பழைய முறைப்படி கொடுத்திருந்தால் இது நேர்ந்திராது என்பது அது. உண்மையாகவும் இருக்கலாம். எல்லோர்க்கும் ஒரே பொட்டலம் என்பது ஜாங் ஜோங்ஜிங் நூலுக்கு மாறானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தச் சமாதானத்தை நான் அச்சத்தோடு பார்க்கிறேன். பலித்தால் முறையின் பெருமை. பலிக்காவிட்டால் கொடுத்தவன் பிழை. நம் தத்துவ நண்பர் கைதட்டல் வாங்கியதும் இந்தக் கணக்கில்தான். இந்தக் கணக்கில் முறை ஒருநாளும் தோற்காது; தோற்பவர் நோயாளி. சரியாக அளவெடுத்தோருக்கு அந்த நுரையீரல் நோய் வரவில்லை என்று எண்ணிக் காட்டியிருந்தால் நானே முதலில் ஏற்றுக்கொள்வேன்.

இப்போது முதலாண்டு நண்பரின் தாயாருக்கு வருகிறேன்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைப்பதற்கென்று சீன மூலிகை கலந்த குளிகைகளை உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். பலருக்குச் சிறுநீரகம் அடியோடு செயலற்றது. பின்னர்ச் சிலருக்கு மூத்திரப் பாதையில் புற்றும் கண்டது. காரணம் ஒரு பெயர்க் குழப்பம். 'ஃபாங்ஜி' என்னும் கிழங்குக்குப் பதிலாகக் 'குவாங் ஃபாங்ஜி' என்னும் வேறு செடியின் வேர் சேர்ந்துவிட்டது. இந்த இரண்டாவது அரிஸ்டோலோக்கியா இனத்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அரிக்கும், புற்றையும் உண்டாக்கும்.

இது ஆளுக்கேற்பக் கொடுத்த மருந்தன்று என்று சிலர் உடனே எழுவார்கள். சரி. ஆனால் ஆளுக்கேற்பக் கொடுத்திருந்தால் தப்பியிருப்பார்களா? எண்ணிப் பாருங்கள். கஷாயத்தை மாற்றும் கலை முழுவதும் நோயாளி அடுத்த வாரம் வந்து என்ன சொல்கிறார் என்பதைக் கொண்டு நடப்பது. பொருமல் போயிற்று, உறக்கம் வரவில்லை, ஏலத்தை எடு, இலந்தைக் கொட்டையைப் போடு. ஏழு நாளில் தெரிவதற்கு இந்தக் கண் கூர்மையானது. சிறுநீரகம் சிறுகச் சிறுகச் சுருங்குவதை நோயாளியும் உணர்வதில்லை. வெகுநாள் வரை நாக்கும் காட்டாது, நாடியும் காட்டாது. அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகளைச் சீன மருத்துவம் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டது. நாடி பார்ப்பதில் தேர்ந்த எத்தனையோ பேர் அவற்றைக் கொடுத்தார்கள். அவர்களுள் யார் கண்ணிலும் படாதது ஆயிரக்கணக்கானோரை எண்ணி, இரத்தத்தைச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோதுதான் பட்டது.

சீனத்தைச் சொல்லி நாம் தப்பிக்கவும் வழியில்லை. நம் வயல்வரப்பில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளை அதே இனத்துச் செடி. அதே அமிலம் அதிலும் உண்டு. நம் ஊர் வைத்தியத்தில் அதற்கு நல்ல பெயர். ஊருக்குப் பக்கத்தில் கூட்டிக் கொடுப்பவர் தம் பொடியில் என்ன போடுகிறார் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாரா? சொல்லவில்லை என்றுதான் மகன் கூறுகிறார். சீனத்து மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த சீட்டில் ஒவ்வொரு சரக்கின் பெயரும் கிராம் கணக்கும் இருந்தன. என்ன என்று தெரியாத ஒன்றை ஏற்கெனவே நொந்த சிறுநீரகத்துக்கு அனுப்புவதா? அந்தத் தாயாருக்கு ஆளுக்கேற்ற மருத்துவம் வேண்டுமென்றால், முதலில் அவர் இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்து அதற்கேற்ப மருந்தளவை வைப்பதே அது. டாக்டர்கள் அதைச் செய்கிறார்கள். செய்கிறோம் என்று நோயாளியிடம் சொல்வதில்லை; அதுதான் அவர்கள் குறை.

நோபல் பரிசை மறந்துவிட்டாயே என்று யாராவது கேட்கலாம். 2015-இல் தூ யூயூ அம்மையார் பெற்ற பரிசு நான்காம் நூற்றாண்டுச் சீன நூல் தந்த குறிப்பிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்டதற்காக. பெருமைக்குரியதே. ஆனால் அது ஒரு செடி, ஒரு பொருள், எல்லோர்க்கும் ஒரே மாத்திரை. ஆளுக்கொரு கஷாயத்துக்கு அதைச் சாட்சி அழைப்பது பொருந்தாது.

நம் இதழின் வழக்கப்படி இங்கே வள்ளுவரின் மருந்து அதிகாரத்தை எடுத்துக்காட்ட வேண்டும். உங்களுக்கே தெரியும்; விட்டுவிடுகிறேன். அதைவிட, பெய்ஜிங்கில் கடைசி நாளன்று நடந்ததைச் சொல்லத் தோன்றுகிறது. விடைபெறச் சென்றபோது அந்த அம்மையாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "மருந்து வாங்கிப் போனவர்கள் திரும்பி வராவிட்டால், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எப்படி அறிவீர்கள்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வராதவர்கள் நலமடைந்துவிட்டார்கள் என்றுதான் நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. மேசையிலிருந்த என் பழைய சீட்டை எடுத்து, அதன் மூலையில் என் தொலைபேசி எண்ணை எழுதச் சொன்னார்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து அழைப்பு வந்தது. வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.